நடுவுல கொஞ்சம் கிடாரைக் காணோம்!

ஒரகடம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கும் பிரம்மச்சாரிகளுக்கு மூன்று விஷயம் தடை. ஒன்று, கருவாடு. இரண்டு, மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு செல்போனில் காதல். மூன்று, சத்தம். முதல் இரண்டையும் வீட்டுக்கார அம்மாவிடம் பேசிச் சரிக்கட்டிவிடலாம். மூன்றாவது நடக்காது. அதற்குக் காரணம் அம்மா அல்ல, ஷிஃப்ட்!

எங்கள் ரூமில் ஆறு பேர். இரண்டு பேர் ஏ ஷிஃப்ட், இரண்டு பேர் பி ஷிஃப்ட், ஒருத்தன் சி ஷிஃப்ட். நான் மட்டும் ஜெனரல். ஆகவே நாளின் 24 மணி நேரமும் யாராவது ஒருத்தர் கம்பெனி கொடுத்த போர்வைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருப்பார். மிக்ஸியில் சட்னி அரைத்தாலே தலையணை பறந்து வரும். இந்த ரூமில் உட்கார்ந்துகொண்டு நான் எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிறேன் என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆகவேண்டும். வாசிக்கிறேன். அதனால் ஒரு பையனின் மானத்தையும் வாங்கினேன். அந்தக் கதைதான் இந்த வாரம்.

எலெக்ட்ரிக் கிடார் பாதி வாத்தியம். தனியாக மீட்டினால் கொசுவலைக் கயிறு மாதிரி முனகும். மீதிப் பாதி ஆம்ப்ளிஃபயர். தாத்தா வீட்டு வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கிறதா? ஸ்விட்சைப் போட்டால் உடனே பேசாது. உள்ளே கண்ணாடிக் குழாய் சிவந்து, சூடாகி, மூடு வந்தபிறகுதான் செய்தி வாசிக்கும். அதே ஜாதி வால்வுதான் கிடார் ஆம்ப்ளிஃபயரிலும். அதற்குள் தாங்க முடியாத அளவு சிக்னலைத் திணித்தால், சத்த அலையின் உச்சியை அது சீவிவிடும். சீவப்பட்ட அந்தக் கரகரப்புதான் ராக் சங்கீதம். ரேடியோவில் வந்தால் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். கிடாரில் வந்தால் விசில் அடிக்கிறோம். 1964-ல் 'கிங்க்ஸ்' என்ற லண்டன் குழுவின் டேவ் டேவிஸ், ஸ்பீக்கர் அட்டையை பிளேடால் கீறியே இந்தக் கரகரப்பை வரவழைத்தார். மாத்தூரில் கீறியிருந்தால் அட்வான்ஸ் திரும்ப வந்திருக்காது.

மின்சாரம் நம் சங்கீதத்துக்கும் தீட்டு இல்லை. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கையில் இருந்தது எலெக்ட்ரிக் மாண்டலின்தான். நம்ம பெங்களூர் ஹைவேயிலேயே மேற்கே போனால் வரும் ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டப் படித்துவிட்டு எலெக்ட்ரிக் கிடாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்கிறார். ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 2006-ல் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்று ஆல்பமே போட்டார். எனக்கு இந்த மாதிரி லட்சியம் எல்லாம் கிடையாது. கம்பெனி ஆயுத பூஜை மேடை போதும்.

விஷயத்துக்கு வருவோம். வால்வு ஆம்ப்ளிஃபயர் நன்றாகப் பேச வேண்டுமானால் அதை உரக்கத் திருக வேண்டும். 50 வாட்டோ 100 வாட்டோ ஒரகடத்தில் அலறினால் சி ஷிஃப்ட்காரன் எழுந்து என்னை சீவிவிடுவான். இதற்கு விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வால்வு என்ன செய்யும், ஸ்பீக்கர் என்ன செய்யும், அதன் முன்னால் வைக்கிற மைக் என்ன செய்யும் என்று அத்தனைக்கும் கணக்குப் போட்டு, அந்தக் கணக்கை ஒரு சிப்பில் அடைத்துவிட்டார்கள். உள்ளே வால்வும் கிடையாது, ஸ்பீக்கரும் கிடையாது. நிஜ ஆம்ப்ளிஃபயர் மாதிரியே நடிக்கும். சிவாஜி கப்பலோட்டிய தமிழனாக வந்தாரே, அந்த மாதிரி!

1998-ல் 'லைன் 6' கம்பெனி 'பாட்' என்று சிவப்பாக, சிறுநீரக வடிவத்தில் ஒன்று கொண்டுவந்தது. அதே 1998-ல்தான் இங்கே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளியே வந்தது. 2011-ல் ஜெர்மனியில் கெம்பர் என்பவர், நிஜ ஆம்ப்ளிஃபயருக்குள் சோதனைச் சத்தங்களை அனுப்பி அதன் குணத்தை அப்படியே நகல் எடுத்துக்கொள்ளும் மிஷினைக் கொண்டுவந்தார். அதற்கப்புறம் ஸ்டீவன் அட்கின்ஸன் என்ற புண்ணியவான் 'நியூரல் ஆம்ப் மாடலர்' என்று இதே நகலெடுக்கும் வித்தையை கம்ப்யூட்டர் புரோகிராமாக எழுதி, உள்ளே இருக்கும் சூத்திரத்தையும் சேர்த்து உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார்.

எங்கள் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ஒருவர் ஞாபகம் வருகிறார். 2017-ல் ஆயிரமாவது ஆண்டு கொண்டாடினார்களே, அவரேதான். திருக்கோஷ்டியூர் குருவிடம் பதினெட்டு முறை நடையாய் நடந்து பெற்ற மந்திரத்தைக் கோபுரத்தில் ஏறி ஊருக்கே உரக்கச் சொன்னார் என்பார்கள். எங்கேயோ ஒருத்தர் வீட்டில் இருக்கும் லட்ச ரூபாய் ஆம்ப்ளிஃபயரின் குரலை மாத்தூரில் ஒரு சம்பளக்காரன் சும்மா இறக்கிக்கொள்ளலாம் என்று தெரிந்தால் ராமானுஜர் சந்தோஷப்பட்டிருப்பார். நான் வாசிப்பதைக் கேட்காத வரையில்.

*

நான் வாங்கியது செகண்ட் ஹாண்ட் பெட்டி. தாம்பரத்தில் ஒருத்தர் கல்யாணம் நிச்சயமான சோகத்தில் விற்றார். உள்ளே 200 சத்தம். ஹெட்போனை மாட்டிக்கொண்டால் நான் லண்டனில் இருப்பேன். பக்கத்துப் பாயில் படுத்திருப்பவனுக்குக் கம்பியின் 'டிக் டிக்' மட்டும்தான் கேட்கும்.

ரூமில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஊர் பேர்தான். திண்டுக்கல் என்று ஒரு ட்ரெய்னி பையன். நன்றாகப் பாடுவான். கான்டீன் வரிசையில் தட்டைத் தட்டிக்கொண்டு பாடினால் சாம்பார் ஊற்றுகிறவர் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பார். அவனுக்கு ட்ரெய்னிங் முடிய இரண்டு மாசம்தான் பாக்கி. அதற்கப்புறம் "தேவைப்பட்டா கூப்பிடுவோம்" ரகம்.

போன வருஷம் ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரலாம் என்று நோட்டீஸ் போட்டார்கள்.

"அண்ணே, அம்மாவையும் தங்கச்சியையும் வரச் சொல்லியிருக்கேன். லைன்ல நான் என்ன வேலை பாக்குறேன்னு சொன்னா அதுங்களுக்குப் புரியாது. பாடுறதாச்சும் புரியட்டும். நீங்க கிடார் வாசிக்கிறீங்கள்ல?"

ராஜா சார் பாட்டு ஒன்று. எது என்று சொல்லமாட்டேன், அந்தப் பாட்டுக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. ஆரம்பத்தில் கிடார் முன்னால் போகும், பாடுகிறவன் அதைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும்.

ஒரு மாசம் ராத்திரி ராத்திரி ஹெட்போனில் சத்தம் சமைத்தேன். பேஸ் முழுக்க, ட்ரெபிள் முழுக்க, நடுவில் இருக்கும் 'மிட்' குமிழ் சைபர். கெய்ன் என்கிற கரகரப்புக் குமிழ்? பாட்டுக்கு வேண்டியது ஒரு சிட்டிகை, நான் போட்டது ஒரு படி. காதுக்குள் இமயமலை எழும்பி நின்றது.

மேடையில் என்ன ஆயிற்று?

டிரம்ஸ் ஆரம்பித்தது. கீபோர்டு ஆரம்பித்தது. நான் ஆரம்பித்தேன். முதலில் 'ஙொய்ய்ங்' என்று ஒரு குளவி. அப்புறம் அதுவும் காணோம். என் கை ஆடுகிறது, ஸ்பீக்கரில் நான் இல்லை. திண்டுக்கல் என்னைப் பார்க்கிறான். நான் பெட்டியைப் பார்க்கிறேன். எங்கே உள்ளே வருவது என்று தெரியாமல் இரண்டு தாளம் தள்ளி, வேறு சுருதியில் நுழைந்தான். நின்றான். மறுபடி ஆரம்பித்தோம். மறுபடி குளவி. பின் வரிசையிலிருந்து அசெம்பிளிக்காரன் ஒருத்தன், "டேய், மிஷினுக்கு ஆயில் போடுங்கடா!" என்று கத்த, பந்தல் முழுக்கச் சிரிப்பு.

பையன் எப்படியோ பாடி முடித்தான். முன் வரிசையில் ஒரு அம்மா மட்டும் விடாமல் கை தட்டினார். யாருடைய அம்மா என்று சொல்ல வேண்டியதில்லை.

இறங்கி வந்ததும் அவனிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவனே வந்தான்.

"பரவால்லண்ணே."

திட்டியிருந்தால் அன்றைக்குத் தூங்கியிருப்பேன்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுங்குவார்சத்திரம் போனேன். அன்று மைக் செட் போட்ட அண்ணனின் குடோன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், தீமிதி என்று முப்பது வருஷ சர்வீஸ். வெளியே கட்டிலில் உட்கார்ந்து ஒயர் சால்டரிங் செய்துகொண்டிருந்தார்.

"யாரு... அன்னிக்குக் குளவி விட்ட தம்பியா?"

"ஆமாண்ணே. உங்க ஸ்பீக்கர்ல ஏதாவது கோளாறு..."

சால்டரிங் கம்பியோடு நிமிர்ந்து பார்த்தார். "அதே ஸ்பீக்கர்லதான் உங்க மேனேஜர் முக்கா மணி நேரம் பேசுனாரு. ஒரு எழுத்து உழலையே. சரி, மாட்டு பாப்போம்."

மாட்டினேன். வாசித்தேன். குளவி.

"பொட்டிக்குள்ள என்னா இருக்குன்னு எனக்குத் தெரியாது தம்பி. ஆனா இது ஸ்பீக்கர் வழியா வந்த கிடார் மாதிரி இல்ல. ஸ்பீக்கரே வைக்காம ஒயர நேரா காதுல சொருகுன மாதிரி இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. கிடார் ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் ஒரு சல்லடை. 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அதனால் சரியாகப் பேச முடியாது. கரகரப்பில் வரும் சிராய்த்தூளை எல்லாம் அதுவே சலித்து விட்டுவிடும். மைக் செட் ஸ்பீக்கர் அப்படி இல்லை, உள்ளதை உள்ளபடி எல்லாம் கக்கும். அதனால் என் பெட்டிக்குள்ளேயே பொய் ஸ்பீக்கர் ஒன்று உண்டு, 'கேபினெட்' என்று பெயர். பூஜைக்கு முதல் நாள் ஃப்ரெண்ட் வீட்டில் நிஜ கிடார் ஆம்ப்ளிஃபயரில் ஒத்திகை பார்த்தேன். இரண்டு சல்லடை வேண்டாமே என்று பொய் ஸ்பீக்கரை அணைத்தேன். அணைத்ததை 'சேவ்' செய்தேன். அப்படியே மேடை ஏறிவிட்டேன்.

'கேபினெட்'டைப் போட்டேன். குளவி செத்தது. கிடார் கிடாராகக் கேட்டது. நான் அண்ணனைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இரு. கச்சேரியோட வாசி." ஏதோ ஒரு திருவிழா இன்னிசைக் கச்சேரி ரிக்கார்டிங்கை இன்னொரு பக்கத்தில் உரக்கப் போட்டார். நான் வாசித்தேன்.

"எங்க போன?"

"இங்கதாண்ணே இருக்கேன்."

"ஆளு இருக்க. சத்தம் எங்க?"

காணோம்! ஹெட்போனில் இமயமலை, குடோனில் எறும்புப் புற்று.

அண்ணன் பெட்டியில் இருந்த குமிழ்களைப் பார்த்தார். "நீ கம்பெனி பஸ்ல வர்றியா?"

"ஆமாண்ணே."

"பஸ்ல கீழ சீட்டுல டிரம்ஸ்காரனும் பேஸ்காரனும் உக்காந்துட்டான். மேல சீட்டுல ஜால்ரா, சிம்பல். நீ என்னா பண்ற? கீழ போயி அவன் மடில உக்கார்ற, மேல போயி இவன் மடில உக்கார்ற. நடுவுல ஒரு சீட்டு காலியா கெடக்குது பாரு, அது யாருக்கு? போன்ல பேசுனா புரியுதுல்ல? அதுல கும்முனும் இருக்காது, ஜிங்குனும் இருக்காது. நடு மட்டும்தான். மனுசன் குரலே அங்கதான் இருக்கு."

பிற்பாடு படித்துப் பார்த்தேன். பழைய லேண்ட்லைன் டெலிபோன் 300-லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். கிடாரின் சாரமும் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடுகிறது. நான் சைபரில் வைத்த குமிழ் சரியாக அந்த இடம்தான்!

அப்படியானால் ஹெட்போனில் ஏன் அவ்வளவு நன்றாக இருந்தது? 1933-லேயே பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்று இரண்டு பேர் இதை அளந்து வைத்திருக்கிறார்கள். சத்தம் மெதுவாக இருக்கும்போது நம் காது அடியையும் நுனியையும் சரியாகக் கேட்காது. அதனால் ராத்திரி மெல்ல வைத்துக் கேட்கிறவன் பேஸையும் ட்ரெபிளையும் அள்ளிப் போடுவான். அதையே உரக்க வைத்தால் காது அந்த இரண்டையும் முழுசாகக் கேட்க ஆரம்பித்துவிடும். கும்மும் ஜிங்கும் எகிறி, நடு அமுங்கிப் போகும். ஆறிப்போன ரசத்தில் உப்புப் பார்த்துவிட்டு, கொதிக்கக் கொதிக்க ஊருக்குப் பரிமாறின மாதிரி.

அண்ணன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் திருகினேன். கெய்ன் பாதிக்குக் கீழே. அது ஏறினால் கம்பியை மீட்டுகிற அந்த முதல் 'டக்' நசுங்கிப் போகிறது, கூடவே 50 ஹெர்ட்ஸ் கரண்டு இரைச்சலும் சேர்ந்து வளர்கிறது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, அது பேஸ்காரன் சொத்து. 6,000-க்கு மேலே வெட்டு, அது சிம்பல் சொத்து. மிட் மூன்றில் இரண்டு பங்கு. எல்லாமே கச்சேரி ஓட ஓட, மேடையில் எவ்வளவு சத்தமோ அவ்வளவு சத்தத்தில்.

கச்சேரியை நிறுத்திவிட்டுத் தனியாக வாசித்துப் பார்த்தேன். ஜலதோஷம் பிடித்த கிடார் மாதிரி இருந்தது.

"தனியா கேட்டா அசிங்கமா இருக்கேண்ணே?"

"தனியாவா வாசிக்கப் போற?"

மறுபடி கச்சேரியைப் போட்டார். கிடார் கேட்டது. பளிச்சென்று, அதன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு.

எனக்கு வந்த வெட்கம் இருக்கிறதே... நான் வேலை பார்ப்பது க்வாலிட்டி டிபார்ட்மென்டில். ஒரு பாகம் டேபிள் மேல் அழகாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அது எந்த வண்டிக்குப் போகிறதோ அதில் மாட்டிப் பார்த்துத்தான் ஓ.கே. சொல்ல வேண்டும். இதைச் சொல்லும் தாளைச் சுவரில் ஒட்டினவனே நான். டேபிளிலேயே ஓ.கே. போட்டு லோடு ஏற்றிவிட்டேன். ரிஜெக்ட் ஆனது திண்டுக்கல்.

கூலி எவ்வளவு என்று கேட்டேன். "அடுத்த வருசம் குளவி வராம பாத்துக்க, போதும்" என்று மறுபடி சால்டரிங்கில் குனிந்துவிட்டார்.

*

இரண்டு மாசத்தில் திண்டுக்கல்லுக்கு ட்ரெய்னிங் முடிந்தது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பக்கெட், ஒரு சர்ட்டிஃபிகேட். பஸ் ஏற்றிவிட்டேன். இப்போது திருப்பூரில் இருக்கிறான். பனியன் கம்பெனியில் பாட்டு உண்டா என்று கேட்டேன். "மிஷின் சத்தத்துல யாருக்குண்ணே கேக்கும்?" என்றான்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அதே பாட்டை எடுத்தோம். பாடினது புது ட்ரெய்னி, கள்ளக்குறிச்சி. அதே அண்ணன், அதே ஸ்பீக்கர். நான் ஆரம்பித்தேன். கள்ளக்குறிச்சி என் பக்கம் திரும்பக்கூட இல்லை, சரியான இடத்தில் உள்ளே வந்தான். முடிந்ததும் எல்லோரும் அவனுக்குத்தான் கை தட்டினார்கள். கிடாரைப் பற்றி ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிக்ஸர் பக்கத்திலிருந்து அண்ணன் மட்டும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

யாரோ செல்போனில் எடுத்த வீடியோவைத் திருப்பூருக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டு, ஏன்டா அனுப்பினோம் என்று இருந்தது. அவன் பாட வேண்டிய பாட்டு அல்லவா? ராத்திரி பதினொரு மணிக்குக் குரல் பதிவில் பதில் வந்தது. பின்னால் தையல் மிஷின் ஓடுகிற சத்தம்.

"அண்ணே... போன் ஸ்பீக்கர்லயே கேக்குதுண்ணே. கிடார் நல்லாக் கேக்குது. எங்க உள்ள வரணும்னு தெளிவாத் தெரியுது. அம்மா ஊர்லேர்ந்து வந்திருக்கு, போட்டுக் காட்டுனேன். 'ஓ, இதுதான் அந்தப் பாட்டாடா'ன்னு கேக்குதுண்ணே."

நகத்தளவு ஸ்பீக்கர். கும்மும் கிடையாது, ஜிங்கும் கிடையாது. நடு மட்டும்தான்.

அடுத்த ஆயுத பூஜைக்கு லீவு போட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். வெளியாள் பாடலாமா என்று ஹெச்.ஆரில் கேட்க வேண்டும். கேட்டால் இல்லை என்பார்கள். கேட்காமல் ஏற்றிவிடலாம் என்று இருக்கிறேன்.

பி.கு.: பெட்டியில் இருக்கும் 200 சத்தங்களில் நான் இப்போது உபயோகிப்பது ஒன்றே ஒன்று. மீதி 199-ம் புத்தம் புதுசாக அப்படியே இருக்கின்றன. கல்யாணம் நிச்சயமாகாத வாசகர்கள் அணுகலாம்.